மூண்டு ரோசாக்கண்டும் செத்த பிறகு தொடங்கின தோட்டம்

2022ல பெற்றோலுக்குக் கியூவில நிண்ட காலத்தை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டியள். அந்த ஆனி மாசம் அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமையில லீவு, வீட்டில இருந்து தோட்டம் செய்யுங்கோ எண்டு அறிவிச்சினம். நானும் ஒரு கந்தோர்க்காரி எண்டபடியா எனக்கும் அந்த லீவு கிடைச்சுது. முதல் வெள்ளிக்கிழமை நித்திரை கொண்டன், ரெண்டாம் வெள்ளிக்கிழமை உடுப்புத் தோய்ச்சன், மூண்டாம் வெள்ளிக்கிழமை தான் மண்வெட்டியைத் தேடினன், அது பிடி இல்லாமல் கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடந்தது.

எங்கட வளவு யாழ்ப்பாணத்தில கொக்குவில் பக்கம், ரெண்டு பரப்புக்குக் கொஞ்சம் கூட. ஒரு பரப்பு எண்டுறது பத்துப் பேர்ச், வெளியூர் ஆக்களுக்காகச் சொல்லுறன். அதில வீடு, கிணறு, ஒரு வயசான மாமரம், பின்பக்கம் நாலு தென்னை, மிச்சமெல்லாம் சும்மா கிடந்த நிலம். இப்ப கந்தோரில ஆரும் புதுசா வீடு கட்டினால் என்னட்டத்தான் வந்து கேக்கினம், அக்கா என்ன கண்டு வேண்டுறது, எங்க வேண்டுறது எண்டு. கண்டு வேண்டுறதில இருந்து தொடங்கினது தான் நான் விட்ட முதல் பிழை, அதால அந்தக் கதையை முதல்ல சொல்லுறன்.

அந்த வருசம் ஆவணியில நல்லூர்த் திருவிழாவுக்குப் போனனான், கடையளுக்குள்ள ஒரு இடத்தில பூக்கண்டு அடுக்கி வச்சிருந்தவை, மலைநாட்டில இருந்து வந்த ரோசா, கை அகலத்துக்குப் பூ. மூண்டு வேண்டினனான், கூடவே ஒரு கார்டினியாவும். சாடியும் மண்ணும் உரமும் எண்டு எல்லாம் சேர்த்து 14,000 ரூபா முடிஞ்சுது, அந்த நேரம் அந்தக் காசுக்கு என்ன பெறுமதி எண்டு உங்களுக்குத் தெரியும். யூரியூப்பில ஒரு இந்தியாக்காரர் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தனான். ரெண்டு கிழமையில புது இலையெல்லாம் மஞ்சளாகத் தொடங்கிச்சுது, நரம்பு மட்டும் பச்சையா, இலை எலுமிச்சம்பழ நிறத்தில. தண்ணி காணாதாக்கும் எண்டு இன்னும் ஊத்தினன். இன்னும் மஞ்சளாச்சுது.

பக்கத்து வளவு ஐயா வேலிக்கு அங்கால நிண்டு பாத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் பின்னேரம் கேட்டார், "பிள்ளை, உதுக்கு ஏன் இவ்வளவு தண்ணி ஊத்துறாய்?"

"வாடுது ஐயா, அதுதான்."

"உள்ள போய் உன்ர கேத்திலைத் திறந்து பார்."

எனக்கு விளங்கேல்லை. ஆனாலும் போய்த் திறந்து பாத்தன். அடியில வெள்ளையாப் படை படையா, நகத்தால சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிருது. தினம் தேத்தண்ணி போடுற கேத்தில், நான் அதை வடிவாப் பாத்ததே இல்லை.

"உதுதான் உன்ர சாடிக்குள்ளயும் படியுது" எண்டார்.

விசயம் இதுதான். எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல கிடக்குது. வருசம் முழுக்க ஓடுற ஆறு இஞ்ச ஒண்டும் இல்லை, இருக்கிற வழுக்கியாறும் மழை பெய்தால் தான் ஆறு. பெய்யிற மழை மண்ணுக்குள்ளால இறங்கி, கல்லில உள்ள வெடிப்புக்குள்ளயும் பொந்துக்குள்ளயும் நிண்டு, பேந்து எங்கட கிணத்துக்கு வருது. வரேக்க சுண்ணாம்பையும் கரைச்சுக்கொண்டு வருது. அந்தத் தண்ணியை ஒரு சின்னச் சாடிக்கு நாளுக்கு ரெண்டு தரம் ஊத்தினால் மண் காரமாகிப் போகும், அப்ப மண்ணில இரும்பு இருந்தும் வேரால அதை எடுக்க ஏலாது, அதுதான் அந்த மஞ்சள். புளிப்பு மண்ணில வளருற கார்டினியா மாதிரியான கண்டுகளுக்கு இது சரியான கஷ்டம். மழைத் தண்ணியை ஒரு பெரலில பிடிச்சு வச்சு ஊத்துறது, நல்லா உக்கின எருவை அடிக்கடி போடுறது எண்டு சமாளிக்கலாம், ஆனா புதுசாத் தொடங்கிற ஆள் ஏன் அதில மினக்கெட வேணும்?

இன்னொண்டு, பெரல் வச்சால் மூடி வையுங்கோ. சாடிக்குக் கீழ வைக்கிற தட்டையும் கவனியுங்கோ. எங்கட வீட்டுக்கு டெங்கு பாக்க வந்த பீ.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தட்டுக்குள்ள நுளம்புக்குடம்பி நெளியிறதை ரோச் அடிச்சுக் காட்டேக்க எனக்கு நிலத்துக்குள்ள போகலாம் போல இருந்தது. இப்ப தட்டுக்குள்ள மணல் போட்டு நிரப்பி வச்சிருக்கிறன்.

ரோசா மூண்டும் கார்த்திகைக்கு முதலே செத்துப்போச்சு. கார்டினியா மட்டும் தைமட்டும் இழுத்துக்கொண்டு கிடந்தது.

அதுக்குப் பிறகு தான் நான் சும்மா இருந்து வளவைப் பாக்கத் தொடங்கினனான். உண்மையாவே ஒரு கிழமை ஒண்டும் செய்யேல்லை. காலமை வெயில் எங்க விழுது, பின்னேரம் எந்தப் பக்கம் நிழல், மழைக்கு எங்க வெள்ளம் நிக்குது, சோளகக் காத்து எந்த மூலையால வந்து அடிக்குது. மரக்கறிக்கு ஆறு மணித்தியால வெயிலாவது வேணும், மாமரத்துக்குக் கீழ கத்தரி வச்சால் இலை தான் வரும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரம் இருந்தால் கொஞ்ச நிழலிலயும் வரும், அதுகளைக் கிணத்தடிக்குப் பக்கத்தில வச்சன்.

கிணத்தடி எண்டு சொல்லவும் தான், எங்கட பழைய ஆக்கள் தோயிற தண்ணியை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாழைக்கு விட்டவை, எங்கட அம்மம்மா வீட்டில அப்பிடித்தான். இப்ப எல்லாரும் உள்ளுக்க பாத்றூம் கட்டி அந்தத் தண்ணியெல்லாம் குழிக்குள்ள போகுது, பேந்து மோட்டரைப் போட்டு வாழைக்கு இறைக்கிறம். நான் உடுப்புத் தோய்க்கிற கல்லில இருந்து ஆறடிக்கு ஒரு வாய்க்கால் வெட்டி ரெண்டு கதலி வச்சனான். அதுகளுக்கு எண்டு நான் தனியாத் தண்ணி விட்டது குறைவு. வாழைக்கு ஒரு சின்ன விசயம், குட்டி எல்லாத்தையும் வளர விடாதேங்கோ. தாய், மகள், பேத்தி எண்டு மூண்டு காணும், மிச்சத்தை அலவாங்கால கிண்டி எடுத்து ஆருக்காவது குடுங்கோ, இல்லாட்டி மூண்டு வருசத்தில பத்தை தான் மிஞ்சும், குலை சிறுத்துப் போகும்.

இப்ப மண். உரும்பிராய், கோப்பாய், இணுவில் பக்கத்து ஆக்கள் அதிர்ஷ்டக்காரர், செம்பாடு எண்டுற செம்மண், எதை வச்சாலும் எரு போட்டால் வரும். வடமராட்சிக் கரைப்பக்கம் மணல், தண்ணி நிக்காது, அங்க ஒரேயடியா ஊத்தாமல் கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி ஊத்த வேணும், எருவும் கூட வேணும். தீவுப்பக்கம் கன இடத்தில உவர்த் தண்ணி, அங்கத்தைய ஆக்களுக்கு நான் புத்தி சொல்ல ஏலாது, அவையிட்ட நாங்கள் தான் கேக்க வேணும். எங்கட பக்கம் மேல ஒரு அடி, ஒண்டரை அடி மண், கீழ கல்லு.

அந்தக் கல்லைப் பற்றி ஒரு கதை. அடுத்த வருசம் ஐப்பசியில, முதல் மழைக்கு, ஒரு ஒட்டு மாங்கண்டு வைக்க வெளிக்கிட்டன், கறுத்தக்கொழும்பான். மாவுக்கு மூண்டடி நீளம், மூண்டடி அகலம், மூண்டடி ஆழம் குழி வேணும். ஒண்டரை அடியில அலவாங்கு 'டங்' எண்டுது. இன்னொருக்காப் போட்டன், கையெல்லாம் அதிர்ந்து முழங்கைமட்டும் விறைச்சுப்போச்சு. ஐயா வேலியால எட்டிப் பாத்திட்டு, இடத்தை மாத்து பிள்ளை, கல்லோட சண்டை பிடிக்காதை எண்டார். நாலடி தள்ளிக் கிண்டினால் ரெண்டேமுக்கால் அடிமட்டும் மண்! கல்லு எல்லா இடமும் ஒரே மட்டத்தில இல்லை, பள்ளமும் மேடுமாத்தான் கிடக்குது. அதால குழி வெட்டுறதுக்கு முதல் அலவாங்கை நாலைஞ்சு இடத்தில குத்திப் பாருங்கோ. ஒரு நாள் கூலி மிச்சம்.

வெட்டின மேல்மண்ணைத் தனியா வச்சு, மாட்டெருவோட கலந்து திருப்பிப் போடுறது. கண்டு வைக்கேக்க ஒட்டின இடம் நிலத்துக்கு மேல நிக்க வேணும், மண்ணுக்குள்ள தாக்கக்கூடாது. இதில தான் என்ர ரெண்டாவது பெரிய மடத்தனம். வச்சு மூண்டு மாசத்தில ஒரு முளை கெதியாக் கிளம்பிச்சுது, செழிப்பா, நல்ல பச்சையா. எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை, போட்டோ எடுத்து லண்டனில இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பினன், கறுத்தக்கொழும்பான் வருது, நீ வரேக்க காய்க்கும் எண்டு. ஐயா வந்து குந்தியிருந்து பாத்தார். பாத்திட்டுச் சின்னக் கத்தியால அந்த முளையை அப்பிடியே சீவி எறிஞ்சார். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. அது ஒட்டுக்குக் கீழால, அடிக்கண்டில இருந்து வந்த முளையாம், அதை விட்டால் அது எல்லாத்தையும் உறிஞ்சு மேல இருக்கிற நல்ல மா பட்டுப்போகும், கடைசியில ஏதோ ஒரு புளி மாங்காய் தான் மிஞ்சும். ஒட்டுக்கண்டு வேண்டின ஆக்கள் இப்பவே போய்ப் பாருங்கோ, ஒட்டுக்குக் கீழ என்ன முளைச்சிருந்தாலும் கிள்ளி எறியுங்கோ.

எருவுக்கு வாறன். காலமை ஆறரைக்கு எங்கட ஒழுங்கையால நடந்தால் ஒவ்வொரு வீட்டிலயும் முத்தம் கூட்டுற சத்தம், அதுக்குப் பிறகு புகை. மாவிலை, பலாவிலை, வேப்பிலை எல்லாத்தையும் குவிச்சுக் கொளுத்துறம். பேந்து பத்து மணிக்கு ஓட்டோ பிடிச்சுப் போய்க் கொம்போஸ்ட் பாக் வேண்டுறம். நானும் 35 வருசம் அப்பிடித்தான் பாத்து வளந்தனான், எனக்கு அந்தப் புகை மணம் பிடிக்கும் கூட, ஆனாலும் நிப்பாட்டிப்போட்டன். பின்பக்க மூலையில நாலு பூவரசந்தடி நட்டு, பழைய கிடுகால சுத்தி அடைச்சு, சருகெல்லாம் அதுக்குள்ள. குசினியில வாற மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை எல்லாம் மேல மேல. ஒரு படை சருகு, ஒரு படை பச்சை இலை, கொஞ்சம் சாணித் தண்ணி. கிழமைக்கு ஒருக்காக் கிளறினால் மூண்டு நாலு மாசத்தில கறுப்பாப் பொலபொலெண்டு வரும். மீன் கழிவு போட்டால் ஊர்நாய் எல்லாம் வரும், அனுபவம்.

கிளறப் பஞ்சி எண்டால் இன்னும் லேசான வழி, எங்கட தோட்டக்காரர் காலங்காலமாச் செய்யிறது, இலையைத் தாழ்க்கிறது. பூவரசு, வேம்பு, கிளுவை, சீமைக்கிளுவை, எந்தக் குழையா இருந்தாலும் வெட்டிப் பாத்திக்குள்ள போட்டு மண்ணால மூடி விடுறது. வேலியில இருந்து கழட்டின பழைய பனையோலையையும் அப்பிடித்தான் தாழ்ப்பினம். தென்னைக்கும் வாழைக்கும் பக்கத்தில பொச்சுமட்டையை உள்பக்கம் மேல பாக்கிற மாதிரி அடுக்கிப் புதைச்சால் மழைத் தண்ணியைக் கனநாள் பிடிச்சு வச்சிருக்கும். மிச்சச் சருகைக் கண்டடியில மூண்டு விரல் தடிப்புக்குப் பரப்பிவிடுங்கோ, தண்டோட முட்டாமல். ஆடி மாசத்தில அந்தப் படைக்குக் கீழ கையை வச்சுப் பாருங்கோ, ஈரமாக் குளிரும்.

2021ல அரசாங்கம் செயற்கைப் பசளை இறக்குமதியை ஒரேயடியா நிப்பாட்டி, அந்த வருசமே திருப்பித் திறந்துவிட்டது, இடையில தோட்டக்காரர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதால நான் பசளையே கூடாது எண்டு பிரசங்கம் பண்ண வரேல்லை. ஆனா வீட்டுத்தோட்டத்தில, அதுவும் கிணத்துக்குப் பக்கத்தில, யூரியாவை அள்ளிப் போடாதேங்கோ. கல்லு வெடிப்புக்குள்ளால அது நேர கிணத்துக்குத் தான் போகும், எங்கட கிணறுகளில பசளையில இருந்து வாற நைத்திரேற்று கூடிப்போச்சு எண்டு ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் எத்தினையோ வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கினம். அந்தத் தண்ணியைத் தானே நாங்கள் குடிக்கிறம்.

என்ன வைக்கிறது எண்டு கேட்டால், முதல் கீரை. விதையைக் குறுமணலோட கலந்து விசிறினால் ஒரே இடத்தில விழாது, பாத்தியைச் சுத்திச் சாம்பல் தூவாட்டில் எறும்பு இழுத்துக்கொண்டு போயிடும், மூண்டு நாலு கிழமையில பிடுங்கலாம். பசளித் தண்டை வேலியடியில குத்திவிட்டால் தானாப் படரும். பேந்து பயித்தை, வெண்டி. கத்தரியும் மிளகாயும் அதுக்குப் பிறகு. முருங்கைக்கு விதை வேண்டாம், நாலடித் தடி ஒண்டு காணும், ஆனா வெள்ளம் நிக்கிற இடத்தில வைக்காதேங்கோ. 2008 கார்த்திகையில நிஷா புயலுக்கு அம்மம்மா வீட்டு முருங்கை முறிஞ்சு கிணத்துக்கட்டில விழுந்தது, முருங்கை எப்பவும் பாவம், காத்துக்குத் தாங்காது, வருசத்துக்கொருக்கா வெட்டிக் கட்டையா வச்சிருங்கோ. பப்பாசி ஒரு குழிக்கு மூண்டு கண்டு வையுங்கோ, பூக்கேக்க ஆண் மரத்தை வெட்டிப்போட்டு ஒண்டை விடலாம்.

'ஆடிப் பட்டம் தேடி விதை' எண்டு சொல்லுவினமெல்லோ, எனக்கு எங்கட ஊருக்கு அது அவ்வளவாப் பொருந்துமோ எண்டு ஒரு சந்தேகம், ஆடியில இஞ்ச அடிக்கிற காத்துக்கும் வெயிலுக்கும் நாற்று கருகிப்போகும். மழையில பெரும்பங்கு ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள தான் கொட்டுது. மரக்கண்டு எண்டால் ஐப்பசி முதல் மழைக்கு வையுங்கோ. மரக்கறி நாற்றை அடைமழை குறைஞ்ச பிறகு, மார்கழிக் கடைசி, தையில நடுறது நல்லது, கார்த்திகை மழைக்குள்ள நட்டால் அழுகும், இல்லாட்டி நத்தை தின்னும்.

பூச்சி வரும். வராத தோட்டம் பேஸ்புக்கில மட்டும் தான் இருக்கு. செவ்வரத்தையில பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டுறதுக்கு ஹோஸ் பைப்பால பலமா அடிச்சுக் கழுவி, பிறகு சவர்க்காரத் தண்ணி. கத்தரியில நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ள புழு இருக்கு, அந்த நுனியை வெட்டி எரிக்க வேணும், தண்ணி காணாதெண்டு நினைச்சு ஊத்தக்கூடாது. மற்றதுகளுக்கு வேப்பங்கொட்டை. பழம் விழுற நேரம் பொறுக்கிக் காயவச்சு வைச்சால் வருசம் முழுக்கப் பாவிக்கலாம். 50 கிராம் கொட்டையை இடிச்சு ஒரு லீற்றர் தண்ணியில இரவு முழுக்க ஊறவிட்டு, துணியால வடிச்சு, துளி சவர்க்காரம் விட்டுப் பின்னேரத்தில அடிக்கிறது. வெயிலுக்க அடிச்சால் இலை கருகும். முருங்கையில மயிர்க்கொட்டி வந்தால் பகலில தண்டில கும்பலா ஒட்டிக்கொண்டு நிக்கும், அப்ப தான் பந்தம் கட்டிக் காட்டுறது, மரத்தை எரிக்காமல் பக்குவமா.

முத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோட தான் எழுதப்போறன். இப்ப புது வீடு எண்டால் மதிலில இருந்து விறாந்தைமட்டும் இன்ரர்லொக் கல்லு. வடிவு தான், மழைக்குச் சேறு இல்லை தான். ஆனா விழுற மழை ஒரு சொட்டு உள்ள இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடுது, ஒழுங்கையில வெள்ளம், பங்குனியில கிணறு வத்திப்போச்சு எண்டு குழாய்க்கிணறு அடிக்கினம். மத்தியானம் அந்தக் கல்லில வெறுங்காலோட நடந்து பாருங்கோ. கார் ஏறுற இடத்துக்கு மட்டும் கல்லுப் போட்டு, மிச்சத்துக்குக் குறுமணல் பரப்புங்கோ, மரங்களைச் சுத்தி மூண்டடியாவது மண்ணை விடுங்கோ. புல்லுத்தரை ஆசை உள்ள ஆக்கள் சித்திரையில இருந்து ஆவணிமட்டும் அதுக்குத் தினம் ஆர் தண்ணி விடுறது எண்டு முதல் முடிவெடுங்கோ.

பூவுக்கு நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, செவ்வரத்தை, மல்லிகை, கடதாசிப்பூ. இவ்வளவும் எங்கட தண்ணிக்குப் பழகினதுகள். கடதாசிப்பூவுக்குத் தண்ணியைக் குறைச்சால் தான் பூக்கும், கூட ஊத்தினால் இலையும் முள்ளும். அலரியை ஆடும் கடிக்காது, ஆனா நஞ்சு, சின்னப்பிள்ளையள் உள்ள வீட்டில வேண்டாம். பலாவை வீட்டுச் சுவரோட வைக்காதேங்கோ, கண்டில இருக்கேக்க எவ்வளவு சின்னனா இருந்தாலும்.

மதில் கட்டக் காசில்லாத ஆக்கள் கவலைப்படாதேங்கோ, எனக்கும் தெற்குப் பக்கம் இன்னும் வேலி தான். மழை தொடங்கேக்க பூவரசங்கதியாலும் சீமைக்கிளுவைக் கதியாலும் அடிக்கு ஒண்டா நட்டால் அடுத்த வருசம் அதில இருந்தே குழை வெட்டித் தாழ்க்கலாம். கதியாலின்ர அடிப்பக்கத்தைச் சரிவா வெட்டுங்கோ, தலைகீழா நட்டுப்போடாதேங்கோ. சிரிக்கிறியள், நான் பதினொண்டு தலைகீழா நட்டனான், ஐயா பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் உள்ள போய் மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவர். அதிலயும் ரெண்டு தளைச்சு நிக்குது.